பட்டன் இருக்கிறது, வயது என்ன?



நம் அறக்கட்டளையின் மருத்துவ வண்டியை நாகலூரில் அறியாதவர் இல்லை. எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்தும், யார் எவர் என்று பாராமல், நோயாளிகளைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு இறக்கிக்கொண்டு போய்த் திரும்ப அழைத்து வரும் வண்டி அது. அந்த வண்டி சென்ற மாதம் பதினொரு நாள் ஓடவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று பலர் கேட்டார்கள். சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள், சிலர் கோபத்தோடு கேட்டார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகும் ஒரு தாயார் அந்த நாட்களில் மகனோடு பேருந்தில் போய் வந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லவும், சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படவும் இந்த மாதப் பாடத்தை டயரைப் பற்றி எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியைச் சரிபார்க்க ஏற்காட்டில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். "டயர் புதுசு மாதிரி இருக்கிறது, காற்று மட்டும் பாருங்கள்" என்று நாங்களே சொன்னோம். வண்டி நன்கொடையாக வந்தது. மாதத்தில் சில நடைதான் ஓடுகிறது. டயரில் பட்டன் ஆழமாக இருந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "பாய், பட்டனைப் பார்க்காதீங்க, தேதியைப் பாருங்க" என்றார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருந்தன: 1416. அதாவது 2016-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர். ஒன்பது வயது. ஸ்டெப்னிக்கும் அதே வயது. ஒருநாளும் தரையைத் தொடாததால் அதை நாங்கள் புதிய டயர் என்றே நினைத்திருந்தோம்.

நோயாளிகளை ஏற்றிய வண்டி இத்தனை காலம் அந்த டயர்களில்தான் மலை இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பதை டயர் நன்றாக இருந்ததற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம் சாலை டயரிடம் கேட்பது என்ன?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டி இந்த 1,200 மீட்டரும் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தோம். குழாய்த் தண்ணீர் சுமார் 75 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான அளவு அது. இவ்வளவு ஆற்றலும் எங்காவது போயாக வேண்டும். கியரைக் குறைத்து இறங்கினால் என்ஜின் ஒரு பங்கைத் தாங்கும். காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி பிரேக்கில் சூடாகிறது. அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்தும் டிரம்மிலிருந்தும் வீல் வழியாக டயருக்கும் வருகிறது. டயர் தானும் நசுங்கி நிமிர்ந்து சூடாகிறது.

வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்பக்க டயர்கள் மேல் சாய்கிறது. இறக்கத்தில் முன் டயர்கள் மேலும் சாய்கிறது. ஆகவே இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பும் நேரத்தில் முன் பக்கத்து ஒரு டயர் மட்டும் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. சமவெளியில் மெதுவாக ஓடும் வண்டியில் காலம் தள்ளிவிடக்கூடிய டயர் இந்தச் சாலையில் கைவிடலாம். எஸ்டேட் பாதைகளின் கூர்ங்கற்களும் குழியோரங்களும் இதற்கு மேல்.

ஒரு மகனை விட மூத்த டயர்

பட்டன் ஆழமாக இருந்தால் டயர் நல்லது என்ற எண்ணம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் இசை விழா முடிந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குத் திரும்பிய சுற்றுலாப் பேருந்து ஒன்று, சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் என்ற இடத்துக்கு அருகே சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். முன் டயர் ஒன்று வெடித்ததே காரணம். அதில் பட்டன் போதுமான அளவு இருந்தது. சட்டப்படி அது சரியான டயர். ஆனால் அதன் வயது பத்தொன்பதரை. இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 18. தன் மகனை விட மூத்த டயர் ஒன்று அவன் உயிரைக் கொண்டுபோனது என்பதை அந்தத் தாயால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகள் அரசிடம் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் அந்நாட்டில் லாரி, பேருந்துகளின் முன் அச்சிலும் மினி பஸ்களின் ஒற்றைச் சக்கரங்களிலும் 10 வயதைக் கடந்த டயர் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. டயரில் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது.

பாடம் 1: தேதியைப் படிப்பது

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஒரு வரிசை எண் இருக்கும். அந்த வரிசையின் கடைசியில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த எழுத்துகள் இல்லாத டயரிலும் இந்த நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000-க்கு முன் செய்தது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. பல டயர்களில் முழு எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வண்டியின் உள்புறமாகத் திரும்பியிருந்தால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தேதி இல்லை என்று விட்டுவிடாமல், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி டார்ச் அடித்துப் பாருங்கள். பின் டயருக்குக் குனிந்துதான் ஆக வேண்டும். ஐந்தாவதாக ஸ்டெப்னியையும் பாருங்கள்.

எத்தனை வயது வரை போடலாம்? நம் நாட்டில் கார் டயருக்கு இத்தனை ஆண்டு என்று ஒரே கணக்கு எல்லோரும் சொல்வதில்லை. கார் நிறுவனங்கள் சில, பட்டன் எப்படி இருந்தாலும் 6 ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனமான மிஷெலின், 5 ஆண்டு ஓடிய பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டவும், செய்த தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றவும் சொல்கிறது. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் மலைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு: 5 வயது ஆனதும் ஒவ்வோர் ஆண்டும் காட்டுவது, 6 வயதைத் தாண்டிய டயரில் பிறரை ஏற்றி மலை இறங்குவதில்லை.

ஓடாத வண்டியின் டயர் ஏன் கெடுகிறது?

ஓடினால்தானே தேயும், நிற்கும் வண்டிக்கு என்ன என்று எங்களில் ஒருவரே கேட்டார். ரப்பருக்குத் தேய்மானம் வேறு, முதுமை வேறு. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பருக்குள் மெல்ல ஊடுருவி அதை இறுக வைக்கிறது. டயருக்குள் அழுத்தமாக அடைத்திருக்கும் காற்று உள்ளிருந்தும் இதைச் செய்கிறது. சூடு இதை வேகப்படுத்துகிறது. உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகளை ரப்பரோடு பிணைத்திருக்கும் பிடிப்பு தளர்ந்தால், ஒருநாள் சூட்டிலும் வேகத்திலும் மேல்பட்டை தனியே உரிந்துவிடும்.

வெயிலிலிருந்தும் ஓசோனிலிருந்தும் காக்க ரப்பரில் ஒரு வகை மெழுகும் மருந்தும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அது மேற்பரப்புக்கு வந்து மெல்லிய போர்வையாகப் படியும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்த நெளிவு இல்லை, போர்வையும் குறைகிறது. அதனால்தான் விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் கார், வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கி நிறுத்திய கார், நம்முடையது போன்ற அறக்கட்டளை வண்டி ஆகியவற்றில் பட்டன் நிறைய இருந்தும் டயர் முதுமை அடைந்திருக்கும். குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் தேதி அதிகம் தேவை.

பாடம் 2: பட்டன் ஆழம்

வயது முக்கியம் என்பதால் பட்டனை மறந்துவிட வேண்டாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி டயரின் நிலையைப் பற்றியது. காருக்குப் பட்டன் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர். உள்நூல் வெளியே தெரியும் டயரையும், ஓரிடத்தில் வீங்கிய டயரையும் ஓட்டக் கூடாது என்று அதே விதி சொல்கிறது.

அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் சில இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இன்னொரு வழி: தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, மேல் மட்டத்தில் நகத்தால் குறி வைத்து, பிள்ளைகளின் ஸ்கேலில் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் வந்தாலே மழைக்கு முன் மாற்ற யோசிக்கலாம். ஈரச் சாலையில் நீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறையக் குறைய பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஆகும் தூரம் கூடுகிறது.

தேய்ந்த விதமும் பேசும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். காரணத்தைச் சரி செய்யாமல் புதிய டயர் போட்டால் அதுவும் அப்படியே போகும்.

பாடம் 3: வெடிப்பு, வெட்டு, வீக்கம்

டயரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சேறு படிந்த டயரில் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் மயிரிழை போல மேலோட்டமான கீறல்கள் வலைபோல் இருந்தால் அது முதுமையின் முதல் அடையாளம். அன்றே ஆபத்து என்று பொருளல்ல, தேதியைப் பார்த்து டயர்க்காரரிடம் காட்டுங்கள். அந்தக் கீறலில் நகம் சிக்கினால், விரலால் அழுத்தும்போது வாய் திறந்தால், பட்டன் பள்ளத்தின் அடியிலேயே வெடிப்பு ஓடினால் அந்த டயர் மலைக்கு ஆகாது. நூலோ கம்பியோ கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே ஸ்டெப்னி மாற்றுங்கள்.

வீக்கம் எல்லாவற்றிலும் மோசமானது. குழியிலோ கல்லிலோ ஓங்கி மோதும்போது உள்ளிருக்கும் நூல்கள் அறுகின்றன. மேல் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டு கொப்புளம்போல் புடைக்கிறது. இதற்குப் பழுது பார்ப்பது என்று ஒன்று கிடையாது. ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஆனால் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ரேடியல் டயரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக உள்நோக்கி லேசான பள்ளக்கோடு சில நேரம் தெரியும். உள்ளே நூல் அடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது. அது குறையல்ல. வெளியே புடைப்பதுதான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாவிட்டால் கையால் தடவிப் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் மெல்லத் தடவுங்கள்.

பாடம் 4: பஞ்சர் ஒட்டலாமா?

ட்யூப்லெஸ் டயரில் தரையைத் தொடும் நடுப்பகுதியில் ஆணி ஏறி, துளை 6 மில்லிமீட்டருக்கு மேல் இல்லையென்றால் ஒட்டலாம். நல்ல முறை, டயரைக் கழற்றி உள்ளே பார்த்து உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் போடுவது. வெளியிலிருந்து கயிறு செருகுவது வீடு வந்து சேர உதவும் தற்காலிக வேலை. பக்கவாட்டிலோ பட்டன் முடிந்து பக்கவாட்டு தொடங்கும் தோள்பகுதியிலோ துளை விழுந்தால் ஒட்டக் கூடாது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் இடம் அது. ஒட்டு நிற்காது.

பஞ்சரான டயரில் காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டால் உள்பக்கம் நசுங்கிவிடும். கழற்றிப் பார்த்தால் கறுப்புத் தூள் கொட்டும், உள்சுவரில் சுற்றிலும் தேய்ந்த வளையம் தெரியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட டயரைத் திரும்ப மாட்டக் கூடாது.

பாடம் 5: காற்று

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுதான் உங்கள் வண்டிக்கு உரியது. டயரின் மேலே எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதே சரி.

மலையில் அடித்த காற்று சேலத்தில் மாறுமா என்று பலர் கேட்கிறார்கள். மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் மேலே அளந்த டயர் கீழே சுமார் 2 பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டும். சேலத்தின் வெயில் ஏறத்தாழ அதே அளவைக் கூட்டிவிடும். இரண்டும் ஈடாகிவிடுவதால் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறொன்று. மலை இறங்கிய சூட்டோடு அடிவாரத்தில் அளந்தால் காற்று அதிகமாகத் தெரியும். உடனே இறக்கிவிடுகிறார்கள். டயர் ஆறியதும் காற்று குறைந்து நிற்கிறது. குறைந்த காற்றில் டயர் அதிகம் நசுங்கி அதிகம் சூடாகிறது. சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்.

விதி என்று சொல்லலாமா?

டயர் வெடித்து விபத்து நடந்தால், "யார் என்ன செய்ய முடியும், விதி" என்று சொல்லிவிடுகிறோம். இதே வாதம் நீதிமன்றத்துக்கும் வந்தது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போன கார் ஒன்றின் பின் டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்து, பயணித்த ஒருவர் இறந்தார். தீர்ப்பாயம் அவர் குடும்பத்துக்கு ரூ.1.25 கோடி இழப்பீடு தரச் சொன்னது. டயர் வெடிப்பு இறைவன் செயல், எங்கள் பொறுப்பல்ல என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதனின் கட்டுப்பாட்டை மீறிய இயற்கைச் சீற்றம் போன்றதே இறைவன் செயல் எனப்படும். டயர் வெடிப்பதற்கோ அதிவேகம், காற்றுக் குறைவு, காற்று மிகுதி, பழைய டயர், வெப்பம் என்று காரணங்கள் உண்டு. பயணத்துக்கு முன் டயரைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் கடமை. ஆகவே இது மனித அலட்சியம் என்று தீர்ப்பளித்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். நம் வண்டியில் ஏறும் நோயாளி டயரைப் பார்த்துவிட்டு ஏறுவதில்லை. நம்மைப் பார்த்துவிட்டு ஏறுகிறார். அவர் உயிர் இறங்கும் வரை நம்மிடம் அமானிதம்.

நாங்கள் முடிவு செய்தது

கடைக்காரர் தேதியைக் காட்டிய அன்று மாலையே கூடினோம். கருத்து ஒன்றாக இல்லை. "இத்தனை நாள் ஓடிய டயர் இன்னும் இரண்டு வாரம் ஓடாதா, டயாலிசிஸ் தவறினால் அதுவும் உயிர்தானே?" என்றார் ஒரு பெரியவர். அது தள்ளிவிடக் கூடிய பேச்சல்ல. ஆனால் டாக்டரிடம் போகப் பேருந்து இருக்கிறது. நம் ஏழு இருக்கை வண்டி வளைவில் கவிழ்ந்தால் அதற்கு மாற்று இல்லை. பக்கவாட்டில் நகம் சிக்கும் வெடிப்பு இரண்டு டயரில் இருந்ததும் முடிவை எளிதாக்கியது. வண்டியை நிறுத்தினோம். அந்த நாட்களின் பேருந்துக் கட்டணத்தையும், நடக்க முடியாத இருவருக்கு வாடகை வண்டிச் செலவையும் அறக்கட்டளை ஏற்றது.

பணம் உடனே கையில் இல்லை. ஜகாத் நிதி அதற்குரியவர்களுக்கு உரியது, அதைத் தொடவில்லை. பொது நன்கொடைக்குக் காத்திருந்தோம். இதைக் கேள்விப்பட்ட ஒரு சகோதரர், தன் காரிலிருந்து கழற்றி வைத்த அதே அளவுள்ள நான்கு டயர்களைக் கொண்டுவந்து இறக்கினார். 2022-இல் செய்தவை, பட்டன் 5 மில்லிமீட்டருக்கு மேல். உடனே மாட்டிவிடலாம் என்று தோன்றியது. பஞ்சர் கடைக்காரர் உள்ளே பார்க்காமல் மாட்ட மாட்டேன் என்றார். ஒன்றில் காற்றில்லாமல் ஓடிய வளையம் உள்சுவரில் இருந்தது. இன்னொன்றில் தோள்பகுதியில் கயிறு செருகிய பழைய பஞ்சர். இரண்டையும் ஒதுக்கினோம். கொண்டுவந்தவர் முகம் வாடியது. "என் குடும்பத்தை ஏற்றி ஓட்டிய டயர்கள்தானே இவை" என்றார். பிறகு அவரே டார்ச் வாங்கி உள்ளே பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மீதி இரண்டும் குறையில்லாமல் இருந்தன. அவற்றை முன் சக்கரங்களில் போட்டு, மூன்று புதிய டயர் வாங்கி, இரண்டைப் பின்னாலும் ஒன்றை ஸ்டெப்னியாகவும் வைத்தோம். புதியதை முன்னால் போட வேண்டாமா என்று கேட்கலாம். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்து ஓரளவு மீட்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். இரண்டு மட்டும் மாற்றும்போது அதிகப் பட்டன் உள்ளதைப் பின்னால் போடச் சொல்வது அதனால்தான்.

கழற்றிய பழைய டயர்களைத் தன் மிளகு மூட்டை ஏற்றும் பிக்கப்புக்குக் கேட்டு ஒருவர் வந்தார். தரவில்லை. நம் வண்டிக்கு ஆகாது என்று கழற்றியதை அவர் வண்டிக்கு எப்படிக் கொடுப்பது? யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி பக்கவாட்டை அறுத்து, பழைய டயர் எடுப்பவரிடம் சேர்த்தோம். நீங்களும் பழைய டயரைக் கொல்லையில் போட்டு வைக்காதீர்கள். மழைநீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு.

சுருக்கமாக

உடனே நிறுத்த வேண்டியவை: வெளியே புடைத்த வீக்கம், நூல் அல்லது கம்பி தெரிவது, நகம் சிக்கும் ஆழமான வெடிப்பு, பட்டன் மேட்டோடு சமமானது, பக்கவாட்டில் பஞ்சர், காற்றில்லாமல் ஓடியது, 10 வயது ஆனது.

அடுத்த மலைப் பயணத்துக்கு முன் டயர்க்காரரிடம் காட்ட வேண்டியவை: 5 வயதைத் தாண்டியது, மேலோட்டமான வலைக்கீறல், பட்டன் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தது, ஒரு பக்கத் தேய்மானம், வாரந்தோறும் காற்று குறைவது, குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது, குழியில் ஓங்கி மோதியது.

மாதம் ஒரு முறை நீங்களே பார்க்க வேண்டியவை: ஐந்து டயரிலும் காற்று, பட்டனில் சிக்கிய கல்லும் ஆணியும், பக்கவாட்டின் இரு புறமும், வால்வு மூடி.

பழைய டயர் வாங்குபவர்கள் கழற்றி உள்ளே பார்க்காமல் வாங்காதீர்கள். கறுப்புப் பாலிஷ் அடித்துப் பளபளக்கும் டயரை முதலில் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முன்னால் டார்ச்சும் காற்றளவு மானியும் வைத்திருப்போம். கார், ஆட்டோ, பிக்கப், டூவீலர் எதுவானாலும் கொண்டுவாருங்கள். எந்தச் சமூகத்தவரும் வரலாம், கட்டணம் இல்லை. தேதியைப் படித்துச் சொல்வோம், மாற்ற வேண்டுமா என்பதை உங்களோடு சேர்ந்து பார்ப்போம். டயர் வாங்க முடியாமல் வண்டியை நிறுத்திவைத்திருக்கும் ஓட்டுநர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், தவணைக்கு வழி செய்ய முடியுமா என்று பார்க்கிறோம்.

மருத்துவ வண்டி இப்போது வழக்கம்போல் ஓடுகிறது. பதினொரு நாள் பொறுத்துக்கொண்ட அந்தத் தாயார் முதல் நடையில் ஏறும்போது, "டயர் எல்லாம் பார்த்தாச்சா தம்பி?" என்று ஓட்டுநரிடம் கேட்டார். ஒவ்வொரு நடையிலும் எல்லோரும் அப்படியே கேளுங்கள். நம் பயணங்கள் அனைத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. ஆமீன்.